கேஸ் அக்கா கேட்க மறந்தது

அவளுக்குப் பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவள் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பாள். கடைவீதியில் அவள் கேஸ் அக்கா. அவளைவிட மூத்த பிளம்பரும் அப்படித்தான் கூப்பிடுவார், நேற்று மீசை முளைத்தவனும் அப்படித்தான். ஹார்ட்வேர் கடையின் கடைசிக் கோடியில், ஆணிப் பெட்டிகளையும் பெயின்ட் டப்பாக்களையும் தாண்டிப் போனால் ஓர் இரும்பு அலமாரி. கையில் பிடித்துப் பற்றவைக்கிற கேஸ் டார்ச்சுகளும் அவற்றுக்கான பாட்டில்களும் அதில் வரிசையாக நிற்கும். அலமாரிக்கு முன்னால் ஒரு உயரமான ஸ்டூல். பல வருடங்களாக அவள் குடித்தனமே அந்த ஸ்டூலில்தான்.

டார்ச் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தங்களுக்கு என்ன வேண்டும் என்றே தெரியாது. இதை அவள் திமிராகச் சொல்லவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டு சொன்னாள். தீ பெரிதாக இருந்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று நினைக்கிற கூட்டம் ஒன்று உண்டு. உடைந்த காதுத் தோட்டைப் பற்றவைக்க ஒரு மனிதர் குழாய் வேலைக்கான பெரிய டார்ச்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். "தோட்டைப் பத்த வைக்கப் போறீங்களா, இல்ல வீட்டையா?" என்று கேட்டுவிட்டு, பேனா அளவு டார்ச் ஒன்றைக் கையில் திணித்து அனுப்பினாள். மனிதர் முறைத்துக்கொண்டே போனார். அப்புறம் வந்து சிரித்துவிட்டுப் போனார் என்பது வேறு விஷயம்.

வருகிறவர் யாராக இருந்தாலும் மூன்று கேள்வி கேட்காமல் அவள் அலமாரியைத் திறக்க மாட்டாள். எதைப் பத்த வைக்கணும்? எவ்ளோ தடிமன்? எங்க வச்சுப் பண்ணப் போறீங்க? ஒயரையோ மெல்லிய தகரத்தையோ ஈயம் வைத்து ஒட்ட வேண்டும் என்றால், பாக்கெட்டில் போட்டுக்கொள்கிற பியூட்டேன் டார்ச் போதும். அதற்குப் பொடி டார்ச் என்று பெயர் வைத்திருந்தாள். தண்ணீர்க் குழாய்க்கு நீலப் பாட்டில், அதாவது புரோப்பேன். ஃப்ரிட்ஜ், ஏ.சி. பைப் என்றால் அது ஈய வேலை இல்லை, பிரேசிங். செம்பே மங்கலாகச் சிவந்து, அந்தச் சூட்டில் ஒட்டுக் கம்பியான ராடு உருகி இடுக்குக்குள் தானே இறங்க வேண்டும். அதற்கு நீலமோ, இன்னும் சூடாக எரிகிற மஞ்சள் பாட்டிலோ வேண்டும். மூன்றாவது கேள்விதான் பலருக்கு எரிச்சலைக் கிளப்பும். எங்கே வைத்துப் பண்ணினால் இவளுக்கு என்ன என்று பார்ப்பார்கள். காற்றடிக்கிற மாடி என்றால் ஒரு முனை, மூடிய அறை என்றால் ஒரு எச்சரிக்கை, குளிரான இடம் என்றால் வேறு கேஸ். இதையெல்லாம் விளக்கிவிட்டுத்தான் அவள் ஓய்வாள்.

இந்த ஸ்டூலில் அவளைக் கொண்டுவந்து உட்கார வைத்தது அவளுடைய அண்ணன். ஃப்ரிட்ஜ் மெக்கானிக். அப்பா போன பிறகு அவளைப் படிக்க வைத்தது, கட்டிக்கொடுத்தது எல்லாம் அவன்தான். கட்டியவன் சொல்லாமல் கொள்ளாமல் இன்னொருத்தியோடு போனபோது, பெட்டியும் கையுமாக நின்றவளைக் கூட்டிவந்து, "இது உன் வீடு, யாரும் உன்ன ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்று சொன்னதும் அவன்தான். சொன்னபடி யாரும் கேட்கவில்லை. அண்ணிகூட ஒரு வார்த்தை கேட்டதில்லை. மூலையில் சுருண்டு கிடந்தவளை ஒரு நாள் தன் வேனில் ஏற்றி, பழக்கமான கடை முதலாளியிடம் கொண்டுபோய், "எதாச்சும் வேலை குடுங்க, இவ வாயைப் பார்த்துக் கஸ்டமர் ஓடலன்னா நான் பொறுப்பு" என்றான். கஸ்டமர் ஓடவில்லை. கொஞ்ச காலத்தில் அவள் தனியாக ஒரு வீடு எடுத்துக்கொண்டு நிமிர்ந்து நடந்தாள். அந்த நிமிர்வு அண்ணன் போட்ட பிச்சை என்று அவளே எல்லோரிடமும் சொல்வாள். அவன் காதில் விழுந்தால் திட்டுவான்.

அண்ணனும் அவளிடம்தான் பாட்டில் வாங்குவான். வந்தால் ஒரு வம்பு இல்லாமல் போக மாட்டான். "என்ன கேஸ் அக்கா, எனக்கும் மூணு கேள்வி உண்டா?" என்பான். "உனக்கு எதுக்கு? நீ கண்ணை மூடிட்டே பத்த வைப்பே" என்று நீலப் பாட்டிலை எடுத்துக் கொடுப்பாள். அது வெறும் தங்கைப் பாசம் இல்லை. அவன் வைத்த ஜாயிண்ட் கசிந்தது என்று அந்த வட்டாரத்தில் யாரும் சொன்னதில்லை. அவனுக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்கட்டுமே, வேறு எதில் கர்வப்பட்டான் அந்த மனிதன்.

முதலில் அவன் கேட்டது, பொத்தானை அழுத்தினால் தானே பற்றிக்கொள்கிற டார்ச். அதுவரை கல்லை உரசித் தீப்பொறி பறக்கவிட்டுப் பற்றவைக்கிறவன். "என்னண்ணே, சோம்பேறி ஆயிட்டியா?" என்று அவள் கிண்டல் செய்தாள். அவனும் சிரித்தான். பிறகு, அழுத்திய பொத்தான் அப்படியே நிற்கிற மாதிரி பூட்டு உள்ள டார்ச் கேட்டான். விரல் வலிக்கிறதாம். அதற்கும் சிரித்தாள். பின்னாளில் அந்தச் சிரிப்புகளை நினைத்து அவள் தன் வாயிலேயே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

மூன்றாவதாக அவன் வந்தபோது அவள் சிரிக்கவில்லை. பாட்டிலோடு சேர்த்து டார்ச்சைத் தூக்கிப் பிடித்தால் கை இறங்கிவிடுகிறது என்றான். நீலப் பாட்டிலை அவன் கையில் கொடுத்து, பிடி என்றாள். பிடித்தான். மணிக்கட்டு மெதுவாக மடிந்து, பாட்டில் மேஜையில் வந்து உட்கார்ந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. அன்றே அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர்கள் ஊசி குத்திப் பார்த்தார்கள், மின்சாரம் வைத்துப் பார்த்தார்கள். நரம்பு வியாதி என்றார்கள். கையில் தொடங்கி, தோளுக்கு ஏறி, கடைசியில் பேச்சையும் மூச்சையும் பிடித்துக்கொள்ளுமாம். மருந்து உண்டு, குணமாகாது. அண்ணி அந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் மட்டும், "முடியற வரைக்கும் வேலை பார்ப்பேன். உட்கார வச்சீங்கன்னா அன்னிக்கே செத்துடுவேன்" என்றான்.

அதற்கு மேல் அவனோடு யார் மல்லுக்கட்டுவது? தங்கை தன்னால் முடிந்ததைச் செய்தாள். பாட்டிலை இடுப்பில் மாட்டிக்கொண்டு, நீளக் குழாயின் முனையை மட்டும் கையில் பிடிக்கிற டார்ச் ஒன்றைத் தேடி வரவழைத்தாள். பல மாதம் அது கைகொடுத்தது. அப்புறம் பாட்டிலைத் தூக்கி இடுப்புக் கொக்கியில் மாட்டுவதே பெரும்பாடாகிவிட்டது. ஒரு நாள் அவன் கடைக்கு வந்து, வழக்கமான வம்பு எதுவும் இல்லாமல் ஸ்டூலுக்கு எதிரே நின்றான்.

"இதைவிட லேசா எதாச்சும் இருக்கா?"

"என்ன வேலைண்ணே?"

"சின்னப் பைப்புதான். விரல் தடிமன்கூட இல்ல."

அவள் அலமாரியில் இருந்த பொடி டார்ச்சுகளை எல்லாம் எடுத்து, ஒவ்வொன்றாகத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். எது லேசு, எதன் பொத்தான் மெத்தென்று அமுங்குகிறது, எதைப் பிடிக்க விரலை முழுதாக மடக்க வேண்டாம் என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தாள். அவ்வளவு கவனமாக அவள் யாருக்கும் டார்ச் எடுத்துக் கொடுத்தது கிடையாது. பொறுமையாகக் காட்டினால் சின்னப் பைப்புக்கு அந்தத் தீ போதும். கேஸை நிரப்பி, பற்றவைத்துக் காட்டி, அவன் சட்டைப் பையில் அவளே போட்டுவிட்டாள். அவன் பையைத் தட்டிப் பார்த்து, "அட, இருக்கறதே தெரியல" என்றான். வேன் கிளம்பிப் போகும்வரை அவள் வாசலில் நின்றாள்.

அந்தச் சின்னப் பைப் இருந்தது ஒரு மீன் கிடங்கில், குளிர் அறைக்குள்ளே. ஜாயிண்ட் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. சோப்பு நீர் தடவியபோது குமிழி எதுவும் வரவில்லை. ஆனால் ராடு வெளியே மட்டும் உருகி ஒட்டிக்கொண்டிருந்தது, இடுக்குக்குள் இறங்கவில்லை. இயந்திரம் ஓடி அதிரத் தொடங்கியதும் ஜாயிண்ட் விட்டுவிட்டது. காலையில் கதவைத் திறந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்கள். கிடங்கு முதலாளி சண்டை போட்டிருந்தால்கூட அண்ணன் தாங்கியிருப்பான். அவர் அவன் கையைப் பார்த்துவிட்டு, "விடுங்க, உங்களச் சொல்லி என்ன பண்ண" என்றாராம். அவன் வீட்டுக்கு வந்து வேன் சாவியை அண்ணியிடம் கொடுத்தான். அதன் பிறகு அதைக் கேட்கவில்லை.

வியாதி அவனைப் படுக்கவைத்தது பின்னால்தான். அந்த ஜாயிண்ட் அவனை முன்னாலேயே சாய்த்துவிட்டது. பார்க்க வருகிறவர்கள் எதைப் பேசினாலும் அவன் பேச்சு சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கும். "கடைசியா வச்சது கசிஞ்சிடுச்சு" என்பான். அவன் அத்தனை வருடம் வைத்த ஜாயிண்டுகள் எத்தனையோ வீட்டில் கசியாமல் கிடக்கின்றன. அவையெல்லாம் அவன் கணக்கில் இல்லாமல் போயின. கடைசியாக வைத்தது ஒன்றுதான் அவன் பிழைப்பு முழுவதற்கும் அடையாளம் என்று முடிவு கட்டிவிட்டான். வீட்டு ஃப்ரிட்ஜ் உறுமத் தொடங்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். தங்கை வாரம் தவறாமல் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "கை முடியாமப் போனதுக்கு நீ என்னண்ணே பண்ணுவ?" என்று ஆறுதல் சொல்வாள். அவளும் அது கையின் குற்றம் என்றுதான் நம்பியிருந்தாள்.

அப்படி நம்பிக்கொண்டிருந்தவள் தலையில் ஒரு நாள் கல் விழுந்தது. கடைக்கு ஒருவன் வந்தான், ஐஸ்கிரீம் வண்டிகளைப் பழுது பார்க்கிறவன். கையில் பொடி டார்ச்.

"என்னக்கா இது, வெளிய நல்லா எரியுது. குளிர்ப் பெட்டிக்குள்ள கொண்டுபோனா தீ செத்துப்போகுது. டூப்ளிகேட்டா?"

"டூப்ளிகேட் எல்லாம் இல்ல. உள்ள இருக்கறது பியூட்டேன். குளிர்ல அது ஆவியாகாது, பாட்டில்லயே படுத்துக்கும். எரியற மாதிரி இருக்கும், சூடு இருக்காது. ராடு வெளிய ஒட்டும், உள்ள இறங்காது. குளிர்ல வேலைன்னா நீலம்தான்னு நான் எத்தனை வாட்டி..."

வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனது. எத்தனையோ பேருக்குச் சொன்ன பாடம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். சொல்லி முடிக்கும் முன்பே, தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. ராடு வெளியே ஒட்டும், உள்ளே இறங்காது. அண்ணனுக்கு அந்த டார்ச்சைக் கொடுத்தபோது எதைப் பற்றவைக்க என்று கேட்டாள். எவ்வளவு தடிமன் என்பதை அவனே சொன்னான். எங்கே வைத்து என்று கேட்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பதிலாக, இது அவன் கைக்கு லேசாக இருக்குமா என்று தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள். ஊரில் போகிற வருகிறவனை எல்லாம் நிறுத்திக் கேட்டவள், தன்னை ஆளாக்கியவனிடம் கேட்கவில்லை. ஐஸ்கிரீம் வண்டிக்காரன், "அக்கா, உடம்பு சரியில்லையா?" என்றான். அவள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அன்று சாயங்காலமே அண்ணியிடம் ஓடினாள். சமையலறையில் வைத்து, குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் கொட்டினாள். அது கை இல்லை, கேஸ், நான் கொடுத்த கேஸ், உடனே அவனிடம் சொல்லிவிடுகிறேன் என்றாள். அண்ணி அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்மா. உன் கால்ல வேணா விழுறேன், சொல்லிடாத. கை போச்சுன்னு நெனச்சுதான் இப்ப டார்ச்சைத் தொடாம இருக்காரு. கை மேல தப்பு இல்லன்னு தெரிஞ்சா நாளைக்கே சாவியக் கேப்பாரு. பத்த வச்ச டார்ச் கையிலேர்ந்து நழுவி மடியில விழுந்தா என்ன ஆகும்?"

"அதுக்காக? செய்யாத தப்ப மனசுல வச்சுட்டுப் புழுங்கிச் சாகணுமா அண்ணி?"

"புழுங்கட்டும். எரியாம இருந்தாப் போதும்."

அண்ணி சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால் அவள் வாயைக் கட்டிக்கொண்டாள். வாயாலேயே பிழைத்தவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வாரா வாரம் போவாள். அவன், "கடைசியா வச்சது" என்று ஆரம்பிப்பான். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே அவன் போர்வையை இழுத்துச் சரிசெய்வாள். இரண்டு கையும் அவன் பேச்சைக் கேட்காமல் போயின. பிறகு காலும் போனது. இனி சாவியைக் கொடுத்தாலும் அவன் எங்கேயும் போகப் போவதில்லை. அப்புறம் ஒரு நாள் அவன் தண்ணீர் கேட்டது அவளுக்குப் புரியவில்லை. திரும்பக் கேட்டான், அப்போதும் புரியவில்லை. நாக்கு குழறத் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் போனால் நான் சொல்வதற்கு அவனால் ஒரு பதில்கூடச் சொல்ல முடியாது என்று அவளுக்கு உறைத்தது. அண்ணியைப் பார்த்தாள். அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் மருந்துக் கடைக்குப் போயிட்டு வரேன்" என்று எழுந்து போனாள். போவதற்கு முன் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

பிற்பகல். கட்டில் ஜன்னலை ஒட்டிப் போட்டிருந்தது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் நடுவிலிருந்தே ஆரம்பித்தாள்.

"அண்ணே, அந்த ஜாயிண்ட் உன் தப்பு இல்ல. என் தப்பு. நான் குடுத்தது பியூட்டேன். குளிர் ரூம்ல அது எரியாது. எங்க வச்சுப் பண்ணப் போறேன்னு நான் உன்னக் கேக்கல. ஊரையே கேட்டேன், உன்னக் கேக்கல. உன் கை நல்லாத்தான் பத்த வச்சிருக்கு. கேஸ்தான் சரியில்ல. நீ மனசுல வச்சுக்காதண்ணே."

சொல்லிவிட்டு அழுதாள். அவன் கூரையைப் பார்த்தபடி கிடந்தான். திட்டுவான் என்று நினைத்தாள். திட்டினால் நல்லது என்றுகூட நினைத்தாள். அவன் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பிடித்து இழுத்துக்கொண்டு பேசினான். அவள் காதை அவன் வாயருகே வைத்துக் கேட்டாள்.

"டார்ச் மேல... பனி பூத்துச்சு. அப்பவே தெரியும்."

"தெரியுமா? அப்ப ஏன்ணே அதுலயே பண்ணின?"

"நீலம்... வேன்லதான் இருந்துச்சு."

"எடுத்துட்டு வந்திருக்கலாமே!"

"போனேன்."

அவன் நிறுத்தி மூச்சு வாங்கினான். வாயோரம் வழிந்ததை அவள் துடைத்துவிட்டாள்.

"தூக்க வரல. ரெண்டு கையாலயும்... பாத்தேன். வேன்லயே உக்காந்து... அழுதேன். அப்புறம் வந்து... இதுலயே முடிச்சேன்."

"யாரையாச்சும் தூக்கித் தரச் சொல்லியிருக்கலாமே அண்ணே. அங்க அத்தனை பேர் இருந்தாங்களே."

"கேக்க... வாய் வரல."

அவன் மனதிலிருந்து இறக்கிவைக்கலாம் என்று மாதக்கணக்கில் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஒன்றை இப்போதுதான் கொண்டுவந்து கொடுத்தாள். அதைத் தூக்கிப் பார்த்து அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டான் அவன். கேஸ் இல்லை. கைதான். அது அவனுக்கு அன்றைக்கே, அந்த வேனுக்குள்ளேயே தெரிந்துவிட்டது. டார்ச்சைப் பற்றி இத்தனை நாளாக யாரிடமும் அவன் மூச்சுவிடவில்லை. அது யார் கொடுத்த டார்ச் என்று யாரும் கேட்டுவிடக் கூடாது என்று பார்த்திருக்கிறான்.

"நீ குடுத்தது... நல்ல டார்ச்சு" என்றான். "லேசா இருந்துச்சு."

வெளியே யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவன் உதடு மறுபடி அசைந்தது. கண்ணில் பழைய குறும்பு, கடைக்கு வந்து வம்பு இழுக்கிறபோது இருக்கிற அதே குறும்பு எட்டிப் பார்த்தது.

"கேஸ் அக்கா."

"சொல்லுண்ணே."

"இப்ப... குளிர்ல வேலைன்னு வந்தா... என்ன குடுக்குற?"

"நீலம்."

"தூக்க முடியாதவனுக்கு?"

அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்த நாளிலிருந்து எத்தனை பேர் எத்தனை விதமாகக் கேட்டிருக்கிறார்கள். ஒருவரையும் அவள் பதில் இல்லாமல் திருப்பி அனுப்பியதில்லை. ஆனால் இவன் பதிலுக்காகக் காத்திருந்த மாதிரித் தெரியவில்லை. போர்வைக்கு வெளியே கிடந்த அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எலும்பும் தோலுமாகத்தான் இருந்தது. ஆனாலும் கனத்தது.